செருப்பும் பொய் சொல்லுமா?

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்து மாலை ஒன்றில், மயிலாப்பூரில் உள்ள நம் வீட்டு வாசற்படியில் புதிய காலணி ஜோடி ஒன்று கிடந்தது. அதன் உடல் முழுவதும் வெளிர் சந்தன நிறம். விரல்களை மூடும் முனை மட்டும் கறுப்பு. குதி மூன்று விரற்கடை உயரம் இருக்கும். குதிகாலைச் சுற்றிப் பிடிக்க மெல்லிய வார் ஒன்று. பதினைந்து ஆண்டுகளாக ஒரே வகைத் தோல் செருப்பை வாங்கித் தேய்த்து வரும் நமக்கு, நம் செருப்பின் அருகில் அது கிடந்த காட்சி, கிராமத்து வலீமா விருந்தில் வந்தமர்ந்த சீமாட்டியைப் போலத் தோன்றியது.

அது நம் தங்கை மகளுடையது. தியாகராய நகரில் ஒரு வங்கியில் வேலை கிடைத்து, ஆறு மாதங்களாக நம் வீட்டில் தங்கியிருந்தாள். முதல் சம்பளத்தில் தாய்க்குப் புடவையும், அடுத்ததில் நமக்கு ஒரு கண்ணாடிச் சட்டமும் வாங்கித் தந்தவள், ஏழாவது சம்பளத்தில்தான் தனக்கென்று இதை வாங்கியிருந்தாள். இக்கணக்கு அன்று நம் நினைவுக்கு வரவில்லை என்பதைக் கூறிவிட வேண்டும்.

“இதென்னம்மா, இரண்டு நிறத்தில்?” என்றோம்.

“பழைய மோஸ்தர்தான் மாமா. முனை கறுப்பாக இருந்தால் பாதம் சிறியதாகத் தெரியும். மற்றப் பகுதி உடம்பு நிறத்தோடு ஒட்டியிருப்பதால் கால் நீளமாகத் தெரியும். என்னைப் போலக் குள்ளமானவர்களுக்கு நல்லது” என்று கள்ளமின்றிச் சொன்னாள்.

நாம் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டோம். “இல்லாததை இருப்பதாகக் காட்டுவதற்குப் பெயர் என்னம்மா? பொய்யல்லவா?”

அவள் சற்று யோசித்தாள். சினம் கொண்டவளாகத் தெரியவில்லை. “அது யாரிடம் பொய் சொல்கிறது, மாமா?” என்று கேட்டாள்.

அவ்வேளையில் மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. கச்சேரிச் சாலைப் பள்ளிவாசலுக்கு நாம் விரைந்து நடந்தோம். தொழுகையில் மனம் செருப்பிடம் போகலாகாது, போயிற்று. முப்பது ஆண்டுகளாக மாணவர்களிடம் கேள்வி கேட்டே பழகியவர் நாம். எளிய கேள்வி ஒன்றுக்கு விடையின்றித் திரும்பி வருவது நமக்குப் புதிது.

இக்காலணியின் பிறப்பு வளர்ப்பைப் பின்னர் ஆராய்ந்தோம். இரு நிறக் காலணி முதலில் ஆண்களுடையதாகவே இருந்திருக்கிறது. லண்டன் மாநகரின் லாப் என்னும் காலணி நிறுவனத்தார், 1868-ஆம் ஆண்டில் கிரிக்கெட் ஆட்டத்திற்காக அதை முதன்முதலில் தாமே செய்ததாகக் கூறிக்கொள்கின்றனர். புல்லும் மண்ணும் பட்டுக் கறை படியும் முனையிலும் குதியிலும் கருமையான தோல். மற்ற இடங்களில் வெண்மை. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அது ஆட்டக்களத்தை விட்டு நகர வீதிக்கு வந்தது. பெண்களின் காலுக்கும் ஏறியது. அக்காலத்து ஆங்கிலேயர் அதற்கு வைத்த பட்டப்பெயர் நம்மைச் சற்றே வெட்கப்பட வைத்தது. மணவிலக்கு வழக்குகளில், பிறன் மனைவியோடு தொடர்பு கொண்டவனாகச் சேர்க்கப்படும் எதிர்வாதிக்கு ‘கோ-ரெஸ்பாண்டன்ட்’ என்று பெயர். அந்தப் பெயரையே இந்தச் செருப்புக்கும் சூட்டிவிட்டார்கள். இரு நிறச் செருப்பு அணிபவன் ஒழுக்கத்தில் ஐயத்திற்குரியவன் என்பது பொருள். ஆக, ஒரு செருப்பின் நிறத்தைப் பார்த்து அதை அணிந்தவரின் குணத்திற்குத் தீர்ப்பு வழங்கியதில் நாம் முதல்வர் அல்லோம். ஆங்கிலேயக் கனவான்கள் நம்மை முந்திக்கொண்டார்கள்.

நம் வாசலில் கிடந்த பெண்களின் வடிவம், பாரிஸ் நகரில் 1957-ஆம் ஆண்டில் கப்ரியேல் ஷனெல் என்னும் ஆடை வடிவமைப்பாளர் மஸ்ஸாரோ குடும்பத்தாரின் காலணிப் பட்டறையோடு சேர்ந்து உருவாக்கியதன் வழிவந்தது. சந்தன நிறம் காலின் நிறத்தோடு கலந்து காலை நீட்டிக் காட்டும். கறுப்பு முனை, பாதம் அங்கேயே முடிந்துவிட்டதைப் போல் கண்ணைத் தடுத்துப் பாதத்தைச் சுருக்கிக் காட்டும். கூடவே, நடக்கையில் முதலில் அடிபடுவதும் அழுக்காவதும் முனைதான். கறுப்பு அக்கீறல்களை மறைத்து, காலணியின் ஆயுளைக் கூட்டும். அவ்வம்மையாரின் வாழ்க்கையை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப் போவதில்லை. மனிதக் கண் எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்வோம்.

சிறிய அறை பெரிதாகத் தெரியச் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கிறோம். பருத்த உடல் மெலிந்து தெரிய, நெடுக்குக் கோடு போட்ட துணியைத் தேர்ந்தெடுக்கிறோம். கண்ணுக்குச் சுர்மா இட்டால் கண் பெரிதாகிவிடுவதில்லை, அப்படித் தெரிகிறது. இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டே முகம் கழுவக் கண்ணாடி முன் நின்றபோது, இரு வாரங்களுக்கு ஒரு முறை மருதாணி இட்டுச் சிவந்திருக்கும் நம் தாடி எதிரே தெரிந்தது. ‘இதற்கு ஸுன்னத்தில் ஆதாரம் உண்டே’ என்று நெஞ்சம் உடனே வாதாடத் தொடங்கியது. ஆதாரம் உண்டு என்பது உண்மைதான். ஆனால், தனக்கு ஆதாரம் தேடும் விரைவில் பாதியையாவது பிறருக்கு ஆதாரம் தேடுவதில் நெஞ்சம் காட்டுவதில்லை.

அன்றிரவு ஸஹீஹ் முஸ்லிமை எடுத்து வைத்துக்கொண்டோம். நாம் பலமுறை பாடம் நடத்திய, ஆனால் ஒருமுறையும் நின்று சிந்திக்காத ஹதீஸ் ஒன்று அதில் உண்டு. இஸ்ராயீலின் சந்ததியாருள் குட்டையான பெண் ஒருத்தி இருந்தாள். அவள் உயரமான இரு பெண்களோடு நடந்து செல்பவள். அவள் மரத்தினால் தனக்குக் கால்கள் செய்துகொண்டாள். கஸ்தூரி நிரப்பிய பொன் மோதிரம் ஒன்றும் அணிந்தாள். அவ்விருவருக்கும் நடுவே அவள் சென்றபோது மக்கள் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இதுவே அச்செய்தியின் சாரம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த இச்சம்பவத்தில் கஸ்தூரியைப் பற்றி நன்மொழி உண்டு. மரக்காலைப் பற்றி அங்கே வெளிப்படையான கண்டனம் இல்லை.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு எழுதிய விரிவுரை, நம் தென்னாட்டு மத்ரஸாக்கள் நன்கறிந்தது. அம்மரக்கால்களுக்கு நம் ஷரீஅத்தில் என்ன சட்டம் என்று அவர்கள் வினா எழுப்புகிறார்கள். ஒரே பொருளுக்கு இரு தீர்ப்பு வழங்குகிறார்கள். தன்னை மறைத்துக்கொண்டு, பிறர் அறிந்து தொல்லை தராமல் இருப்பதற்கென்று, மார்க்கம் ஏற்கும் நோக்கத்தோடு செய்திருந்தால் குற்றமில்லை. பெருமை காட்டவும், நிறைவான தோற்றமுடைய பெண்களைப் போல் தன்னைக் காட்டி மற்றவரை ஏமாற்றவும் செய்திருந்தால் அது விலக்கப்பட்டது. மரம் ஒன்றே, உயரம் ஒன்றே, பார்ப்பவர் கண்ணில் விழும் தோற்றமும் ஒன்றே. தீர்ப்பு மட்டும் பிரிகிறது.

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்கவில்லை. ‘எதற்காக?’ என்பதே அது. அதை நாம் கேளாவிட்டாலும், நம் வீட்டில் கேட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலையுணவின்போது விவரம் வந்தது. வங்கியில் அவள் அமர்வது வாடிக்கையாளர் நேரே வந்து நிற்கும் இடம். உருவம் சிறியது, முகமும் சிறுமியின் முகம். வருவோரில் பலர், “பாப்பா, உள்ளே பெரியவங்க யாராவது இருந்தால் கூப்பிடு” என்கிறார்களாம். ஒருவர், அவள் சொன்ன சரியான விவரத்தை ஏற்க மறுத்து, அதே விவரத்தைப் பக்கத்து இருக்கையில் இருந்த ஆண் ஊழியர் சொன்னபின் தலையாட்டிச் சென்றாராம். அந்தக் காலணி தந்த மூன்று விரற்கடை உயரம், இரண்டு பட்டங்கள் தராத மரியாதையைத் தந்திருக்கிறது. இதில் ஏமாற்றியவர் யார், ஏமாறியவர் யார் என்று நிறுத்துப் பார்த்தால், தராசு நாம் எண்ணிய பக்கம் சாயவில்லை.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற மற்றொரு ஹதீஸும் முஸ்லிமில்தான் இருக்கிறது. கடுகளவு கிப்ர் உள்ளத்தில் உடையவர் சுவனம் புகார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஒருவர் எழுந்து, தம் ஆடை அழகாக இருக்க வேண்டும், தம் செருப்பு அழகாக இருக்க வேண்டும் என்று மனிதன் விரும்புகிறானே என்று வினவினார். வாசகர்கள் கவனிக்க வேண்டும்: கேட்டவர் செருப்பையே பெயர் சொல்லிக் கேட்டார். அல்லாஹ் அழகன், அழகை நேசிப்பவன் என்பதே விடையின் முற்பகுதி. கிப்ர் என்பது இரண்டு: உண்மையைத் தள்ளிவிடுவதும் மக்களை இழிவாகக் கருதுவதும் என்பது பிற்பகுதி. இந்த அளவுகோலை அந்தப் பெண்ணின் காலணி மீது வைத்துப் பார்த்தோம்; அதில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு, இருபத்து நான்கு வயதுப் பெண்ணொருத்தி கேட்டாள் என்பதற்காகவே ஒரு நல்ல கேள்வியைக் காதில் வாங்காமல் பள்ளிவாசலுக்கு விரைந்த மனிதர் மீது வைத்துப் பார்த்தோம். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வாசகர் நம்மைக் கண்டிப்பர். மறைந்திருக்கும் அலங்காரம் அறியப்படும்படிப் பெண்கள் கால்களைத் தட்டி நடக்க வேண்டாம் என்ற அறிவுரை அந்நூர் அத்தியாயத்தில் இருக்கிறது. குதி உயர்ந்த காலணியின் ஓசை, நம் வீட்டு மொசைக் தரையில் கேட்கத்தான் செய்தது. இதை அவளிடம் மெதுவாகச் சொன்னோம். “முதல் நாளே எனக்கும் அப்படித்தான் பட்டது மாமா” என்றவள், அன்று மாலையே குதியின் அடியில் ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மெதுவாகச் சொல்லப்பட்டது எவ்வளவு விரைவில் ஏற்கப்பட்டது என்பதை நாம் குறித்துக்கொண்டோம்.

இத்துடன் இக்கட்டுரை முடிந்திருக்க வேண்டும். காலணியின் வார் மூன்றாம் மாதத்தில் அறுந்துபோனதால் முடியவில்லை.

அவளுக்கு வேலை நேரமாகிவிட்டது. தைத்து வைப்பதாக நாம் வாங்கிக்கொண்டோம். கோயில் குளத்திற்கு அருகில் நடைபாதை ஓரத்தில், குடை விரித்து அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எத்தனையோ ஆண்டுகளாக அவரைக் கடந்து செல்கிறோம். அன்றுதான் அவர் எதிரே உட்கார்ந்தோம். பழைய நாளிதழ் ஒன்றை விரித்து இடம் தந்தார். ஹிஜ்ரி 261-இல் மறைந்த அபூபக்ர் என்னும் ஹனஃபீ சட்டமேதை நம் நினைவில் வந்தார். வக்ஃபுச் சொத்துகளின் சட்டம் பற்றி அவர் இயற்றிய நூல் இன்றும் அத்துறையினர் எடுத்துப் பார்க்கும் நூல். அவரை உலகம் ‘அல்கஸ்ஸாஃப்’ என்றே அறியும். செருப்புத் தைப்பவர் என்பது அதன் பொருள். அத்தொழிலில் வந்த வருவாயில் உண்டு வாழ்ந்தவர் என்று வரலாறு சொல்கிறது. அவர் நூலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாம், அவர் தொழிலைச் செய்பவரிடம் பதினைந்து ஆண்டுகளில் ஒரு சொல் நின்று பேசியதில்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களும் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதையும் மீலாது மேடைகளில் நாம் பேசியிருக்கிறோம்.

பெரியவர் காலணியைத் திருப்பிப் பார்த்தார். அறுந்த வாரின் விளிம்பை நகத்தால் பிரித்தார். “தோலுன்னா தையல் வாங்கும் பாய். இது ரெக்சினு. உள்ளே நூல் துணி தெரியுது பாருங்க. ஊசி போட்டா இன்னும் கிழியும்” என்றார். கறுப்பு முனையையும் சுரண்டிக் காட்டினார். மேலே மினுமினுப்பு, அடியில் துணி. “தோலுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?” என்று கேட்டார்.

அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ‘அசல் தோல்’ என்று கடைக்காரர் தம் வாயால் சொன்னதையும், பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததையும் அவள் நம்மிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

அந்தச் செருப்பு பொய் சொல்லத்தான் செய்தது. நாம் தேடிய இடத்தில் அன்று, வேறு இடத்தில்.

தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட செய்தி நாம் அனைவரும் அறிந்தது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கூறிச் சென்றார்கள். ஈரத் தானியத்தை விற்பதே கூடாதென்று அங்கே சொல்லப்படவில்லை. ரெக்சின் செருப்பும் அப்படியே. அதை ரெக்சின் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் ஏழைக்கு அது உதவி. மேலே காய்ந்ததையும் கீழே நனைந்ததையும் வைப்பதுதான் ‘கிஷ்’. சந்தன நிறமும் கறுப்பு முனையும் பார்ப்பவர் கண்ணோடு விளையாடின; அவர் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை, அவருக்குரிய உரிமை ஒன்றும் குறையவில்லை. பெட்டியின் மேல் இருந்த இரண்டு சொற்களோ ஒரு பெண்ணின் பல நாள் உழைப்பை எடுத்துக்கொண்டன. யாரிடம் பொய் சொல்கிறது என்று அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. பாவம், பொய் சொல்லப்பட்டவள் அவளே.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். “முனை ரொம்ப ஒடுக்கம் பாய். நம்ம ஜனங்க கால் அகலக் கால். இதுல விரல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்.” அன்று மாலை கேட்டபோதுதான், சுண்டு விரலில் கொப்புளம் வந்து ஆறியிருந்ததை அவள் காட்டினாள். இப்பெரியவரின் கைக்குத் தெரிந்ததையே, அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கருவி கொண்டு அளந்து கூறியிருக்கிறது. 1948-இல் தொடங்கப்பட்ட அந்நிலையம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. நம்மவர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்று தெரியவந்தது. நாம் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்துவது ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன அளவு முறை. அகலம் போதாமையால் நீளம் மிகுந்த காலணியை வாங்கி, அதற்குள் பாதத்தைத் திணித்துக்கொண்டு நடக்கிறோம். இந்நாட்டுப் பாதத்திற்கென்று ‘பா’ என்னும் புதிய அளவு முறையை அந்நிலையத்தார் முன்மொழிந்திருக்கின்றனர். பாதத்தைச் சிறிதாகக் காட்டுவது ஒன்று, சிறிதாக்குவது வேறொன்று. உடலுக்கும் உன்மீது உரிமை உண்டென்ற நபிமொழி இங்கே வந்து நிற்கிறது. கறுப்பு முனையின் சிறப்பே, பாதத்தை நெரிக்காமல் கண்ணுக்கு மட்டும் சிறிதாகக் காட்ட வல்லது என்பதுதான். செய்தவர்கள் அதை மறந்து, நிறத்தாலும் சுருக்கி அச்சாலும் சுருக்கினார்கள்.

தோல் என்று வந்துவிட்டதால், நம் சமூகத்தார் தம் வீட்டுக் கதவையும் சற்றுத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இறந்த ஆட்டின் தோலை வீணாக்காமல் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி உண்டு. பதனிட்ட தோல் தூய்மையடைந்துவிடுகிறது என்பதும் சட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஊர்களிலும், சென்னைப் பெரியமேட்டிலும் இத்தொழிலில் நம்மவர் பங்கு பெரிது. ஆவாரம் பட்டையால் பதனிட்ட நம் ஊர்த் தோல் ஐரோப்பியச் சந்தையில் பெயர் பெற்றிருந்தது. குரோம் உப்பு கொண்டு பதனிடும் முறை பிறகு வந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அதற்குச் சாட்சி. அவ்வருவாய் வீணாகவும் இல்லை. தோல் வணிகரான காக்கா முஹம்மது உமர் அவர்கள் 1924-இல் உமராபாத்தில் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம், எத்தனையோ ஆலிம்களை நாட்டுக்குத் தந்தது. கிதாபு ஓதிய நம் போன்றோரின் கல்விக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆட்டுத்தோல் இருக்கிறது.

அத்தோலுக்குப் பின்னால் பாலாறும் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்று எடுத்துக்காட்டப்பட்டது. அதன்பின் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகியிருக்கலாம். எனினும், பிறர் கிணற்றை உப்பாக்கிவிட்டுப் பெற்ற பளபளப்பும், மேலே உலர்ந்து அடியில் ஈரமாக இருக்கும் குவியலைச் சேர்ந்ததுதானே? நம் மேடைகளில் பெண்களின் செருப்பு பேசப்பட்ட அளவுக்குப் பாலாறு பேசப்பட்டதாக நமக்கு நினைவில்லை.

திருமண வீடுகளுக்காக ஆம்பூர் செல்லும்போதெல்லாம், தெருத் திண்ணைகளில் பெண்கள் அமர்ந்து காலணியின் மேற்பகுதித் தோலைக் கையால் தைப்பதைக் கண்டிருக்கிறோம். தொழிற்சாலையிலிருந்து தோல் துண்டுகள் வீட்டுக்கு வருகின்றன. தைத்து முடித்தபின் போய்ச் சேருகின்றன. ஜோடிக்குச் சில ரூபாய்களே கூலி. ஐரோப்பியக் கடைகளில் அந்தக் காலணி என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நாம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போனோம். அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டோம். அவர்கள் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்க்காமல் போனதும் அதே தாழ்ந்த பார்வையால்தான்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் கைத்தொழில் தோல் பதனிடுவதும் தோல் தைப்பதுமே. அந்த வருவாயை அல்லாஹ்வின் பாதையில் தர்மம் செய்துவிடுவார்கள். தம் மனைவியருள் கை நீண்டவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். துணைவியர் தம் கைகளை நீட்டி அளந்து பார்த்தனர். முதலில் மறைந்தவர் ஸைனப் (ரலி). அவர்களோ உருவத்தில் குட்டையானவர். கொடையின் நீளமே குறிக்கப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கிற்று. இந்த ஹதீஸை அன்றிரவு உணவுக்குப்பின் வீட்டில் படித்துக் காட்டினோம். “அவங்களும் குள்ளமா மாமா?” என்று மட்டும் கேட்டாள் நம் மருமகள். அவள் முகத்தில் தோன்றிய ஒளியை நாம் எந்த விரிவுரையிலும் கண்டதில்லை.

நாம் அவளிடம் வருத்தம் தெரிவித்தோம். “நீங்கள் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தீர்கள், அவ்வளவுதான் மாமா” என்றாள். உண்மை. பாவத்துக்கு அஞ்சியதாக எண்ணிக்கொண்டு, ஜமாஅத்துக்கு அஞ்சினோம்.

இனி, கூசும் ஒரு செய்தி மீதமிருக்கிறது. காலணி விற்ற கடைக்காரர் நமக்கு அந்நியர் அல்லர். தியாகராய நகரில் கடை வைத்திருக்கும் அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவின் ஆண்டு விழாவுக்குத் தவறாமல் கொடை தருபவர். பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்றும், “உங்களுக்குத்தான் சங்கடம்” என்றும் அந்தப் பெண் சொல்லிவிட்டாள். வாசற்படியில் கிடந்த செருப்புக்காக அவளை நிற்க வைத்து ஒரு நொடியில் கேள்வி கேட்ட நாம், அவரிடம் கேட்க வேண்டிய ஒற்றை வாக்கியத்தை நான்கு மாதங்களாக மனத்திற்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் காலணியை ஒரு துணிப்பையில் எடுத்துச் சென்றோம். அவர் நமக்கு இரண்டு ஸஃப் முன்னால் அமர்ந்திருந்தார். தொழுகை முடிந்ததும் ஸலாம் சொன்னோம். அவர் நம் கையை இரு கைகளாலும் பற்றி நலம் விசாரித்தார்; மத்ரஸாவின் கூரை வேலை எந்த அளவில் இருக்கிறதென்று கேட்டார். பை நம் தோளிலேயே இருந்தது.

அவர் இந்த இதழின் நெடுநாளைய சந்தாதாரர். இதழ் அச்சேற இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன.